உறுப்பினரின் தாயார்

"இதுல அத்தை எங்க இருக்காங்க?" என்று கேட்டாள் மருமகள்.

தெரு நலச் சங்கம் அனுப்பிய இரங்கல் தீர்மானம் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. மகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தான். 'தாயாரை இழந்து வாடும் நமது மதிப்புக்குரிய உறுப்பினருக்குச் சங்கம் தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.' மதிப்புக்குரியவன் அவன். வாடுகிறவனும் அவன். அனுதாபமும் அவனுக்கே.

"தாயார்னு போட்டிருக்கே."

"அம்பது வருஷம் இந்தத் தெருவுக்காக ஓடினவங்க. நீங்க ஆபீஸ்ல இருந்தப்ப லீவு லெட்டர்ல எழுதுவீங்களே, அந்தத் தாயாரா அவங்க?"

"உறுப்பினருக்குத்தான் இரங்கல் தீர்மானம் போடலாமாம். அம்மா உறுப்பினர் இல்லையே. செயலாளர் விதிப் புஸ்தகத்தையே விரிச்சுக் காட்டிட்டார்."

"நாளைக்குக் கூட்டத்துல எந்திரிச்சு ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இப்பவாவது அவங்க பேரைப் பதிவேட்டுல ஏத்தச் சொல்லுங்க."

"பாக்கலாம்" என்றான் மகன். அவன் பார்க்கலாம் என்று சொன்ன காரியம் நடக்காது என்பது அந்த வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

சங்கத்தின் நான்காம் விதி எளிமையானது. வீட்டுக்கு ஓர் உறுப்பினர். அவர் குடும்பத் தலைவர். குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதித்தான் தெரிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கு முப்பத்தாறு வயதில் கணவன் இறந்தபோது, தலைவர் பதவி வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆண்பிள்ளைக்குப் போனது. அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் இரண்டாம் முறையாகத் தவறியிருந்தான். அதனால் கூட்டங்களுக்கு அம்மா போனாள். வருகைப் பதிவேட்டில் மகன் வந்தான். கூட்ட நடவடிக்கைகளையும் அவளே எழுதினாள். கீழே கையெழுத்து மட்டும் செயலாளருடையது. 'செயலாளரின் அயராத முயற்சியால்' தெருவிளக்கு வந்ததை அவள்தான் முத்து முத்தான எழுத்தில் எழுதி வைத்தாள். விளக்குக்காக அலைந்தவளும் அவள்தான்.

எதற்கெடுத்தாலும் மனு எழுதிக்கொண்டு கிளம்பியதால் தெரு அவளை மனு அம்மா என்று கூப்பிட்டது. பிரசவ ஆஸ்பத்திரிக்கு அரை மைல் தள்ளிப் பேருந்து நின்றுகொண்டிருந்த காலம். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் வெயிலில் நடந்தார்கள். மனு அம்மா வீட்டிலிருந்த கிழிந்த சட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், போக்குவரத்து அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். பதினோரு நாள். சட்டம் பேசவில்லை, சத்தம் போடவில்லை. வருகிறவர்கள் எல்லாம் "என்னம்மா விஷயம்?" என்று கேட்டார்கள், அவள் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் நிறுத்தம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. அதற்குள் அதிகாரியின் கோட்டுக்கும் இரண்டு பட்டன் தைத்துக் கொடுத்திருந்தாள்.

எண்பத்தாறு வயதில் அவள் இறந்ததும், சங்கம் தன் வழக்கப்படி கூட்டம் போட்டது. உறுப்பினர்கள் முன்வரிசை நாற்காலிகளில். அவர்களுடைய குடும்பங்கள் பின்னால் பெஞ்சுகளில். மேடையில் மனு அம்மாவின் படம்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இருபது நிமிடம், மழைநீர் வடிகாலைத் தான் கொண்டு வந்த கதையைச் சொன்னார். "அம்மையார் எனக்கு உறுதுணையாக இருந்தார்" என்று முடித்தார். அந்த வடிகாலுக்காகத் தன் வாசல்படியை இடிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டவர் அவர். இரும்புக் கடை வைத்திருந்த செயலாளர், தெருவிளக்கைப் பற்றிப் பேசினார். நடவடிக்கைப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று ஆதாரமும் காட்டினார்.

மகனை அழைத்தார்கள். அவன் எழுந்து, பின்பெஞ்சில் இருந்த மனைவியை ஒருமுறை பார்த்தான்.

"எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

"அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றார் தலைவர்.

எழுந்தார்கள். தலை குனிந்து கண்ணை மூடினார்கள். சங்கம் எத்தனையோ பேருக்கு மௌனம் அனுசரித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் ஆனதும் பின்னாலிருந்து மனு அம்மாவின் குரல் வரும்: "சரி, உக்காருங்க." அப்படி ஒரு வேலை இருந்தது என்பதே இப்போதுதான் தெரிந்தது.

இரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. முதலில் உட்காருகிறவன் செத்தவளை அவமதித்தவன் ஆகிவிடுவான். ஆகவே யாரும் உட்காரவில்லை. நான்காம் நிமிடத்தில் முன்வரிசையிலிருந்த பல் டாக்டர் ஒருவர் கனைத்தார். எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. அது வெறும் இருமல். ஆறாம் நிமிடத்தில் தலைவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். செயலாளரின் ஒற்றைக் கண் எதிரே இருந்தது. இரண்டும் உடனே மூடிக்கொண்டன.

கடைசியில் தலைவர் கழுத்தை மட்டும் பின்பக்கம் திருப்பி, மருமகளிடம் வாயோரமாகச் சொன்னார். "ஏம்மா, நேரம் ஆயிடுச்சுன்னு சொல்லேன்."

அவள் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் உறுப்பினர் இல்லீங்களே சார்."

"இதுக்கெல்லாம் என்னம்மா உறுப்பினரு? உங்க அத்தை சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி ஒரு வார்த்தை."

"அவங்களும் இல்லீங்க. இத்தனை வருஷம் விதி தெரியாம சொல்லிட்டாங்க. நீங்கதான் மன்னிக்கணும்."

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் தலைவரின் மனைவி உட்கார்ந்தாள். "முட்டி விட்டுப்போச்சுடி" என்று யாரோ முணுமுணுக்க, பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டன.

மகன் முன்வரிசையிலிருந்து வெளியே வந்தான். நடுவழியாக நடந்து போய், மனைவி நகர்ந்து விட்ட இடத்தில் உட்கார்ந்தான்.

"எங்க அம்மா பேரைப் பதிவேட்டுல ஏத்துங்க" என்றான். "அதுவரைக்கும் என் பேரு அதுல வேண்டாம்."

இதை யார் எழுதிக்கொள்வது என்று செயலாளர் சுற்றும்முற்றும் பார்த்தார். உறுப்பினர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.