மகிழமரத்துக்கு மஞ்சள் நூல்

காவிரி இருகரை தழுவிப் பெருகும் ஆடிப்பெருக்கின் காலை. வடக்கே திருவரங்கத்துக் கோபுரம் இளவெயிலில் குளித்து நிற்க, தெற்கே திருச்சிராப்பள்ளிக் குன்றொன்றின் சரிவில், கருங்கல் தூண்களும் அகன்ற தாழ்வாரமும் செந்நிற ஓட்டுக் கூரையுமாய் விளங்கும் பழைய அரசு மாளிகையைச் சற்று அண்ணாந்து பாருங்கள், அன்பரே. மாளிகையினும் அழகு அதன் தோட்டம். தட்டுத் தட்டாய் இறங்கி, மகிழமரங்களின் வேரால் மண்ணைப் பற்றி, குன்றில் விழும் மழையைத் தேக்கி உள்ளிறக்கி, அடிவாரத் தெருவின் ஒரே குடிநீர்க் கிணற்றுக்கு அனுப்பும் தோட்டம் அது.

அங்குக் குடியிருந்த அரசு அலுவலர் விஜயராணிக்கு முந்தின மாலை ஆணை வந்தது. பெருந்தலைவர் ஒருவர் வருகிறாராம். அவர்தம் மகிழுந்துகள் நிற்க மரங்களை வெட்டித் தட்டுகளைச் சமன்செய்ய வேண்டுமாம். அடடா, ஒரு பொழுது வண்டி நிறுத்த ஒரு தெருவின் தண்ணீரைப் பறிப்பதா! அவள் முடியாதென மறுத்தாள்; காலையில் ஆட்கள் வருவர் என்றே விடை வந்தது. அது என்ன நாளென்பதை ஆணையிட்ட அறிவாளிகள் மறந்துபோயினர்; விஜயராணி மறக்கவில்லை.

கோடரியும் கையுமாய் அம்மாசியும் அவன் ஆட்களும் வந்தபோது பெரிய வாயில் அகலத் திறந்திருந்தது. அவள் அழைத்திருந்த அடிவாரத் தெருப் பெண்கள் தோட்டமெங்கும் நிறைந்து, புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் பரப்பி, கிணற்று நீரைக் காவிரித்தாயென வணங்கி, தம் கழுத்தில் கட்டியது போன்ற மஞ்சள் நூலை மரங்களுக்கும் கட்டிக்கொண்டிருந்தனர். கடைசி மரத்துக்கு அவர்களுள் ஒருத்தியான பவுனம்மாள் முடிச்சிட்டாள்.

அம்மாசி கோடரியைக் கீழே வைத்தான். "மஞ்சக்கயிறு கட்டின மரத்துல கை வைக்க மாட்டேங்க. எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

மேற்பார்வைக்கு வந்த மேலலுவலர் ஹரிஹரசுதனுக்கு முகம் சிவந்தது. "இது உங்க வேலைதானே மேடம்? இன்னிக்கே உங்களை ட்ரான்ஸ்ஃபர் பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும் சார். நான் போயிடுவேன். மரம் போகாது."

"நாளைக்கு வேற ஆளை வச்சு வெட்டுவோம்."

"வரட்டுங்க," என்று குறுக்கிட்டாள் பவுனம்மாள். "கயிறும் இங்கதான் இருக்கும், நாங்களும் இங்கதான் இருப்போம். நீங்க சாப்பிட்டுப் போங்க."

அவர் சாப்பிடவில்லை. அம்மாசி இரண்டாம் முறையும் புளிச்சோறு வாங்கிக்கொண்டான்.

பொழுது சாயுமுன் மாற்றல் ஆணை வந்தது. ஒற்றைப் பெட்டியோடு புறப்பட்ட விஜயராணி, வாயிலைச் சாத்த வந்த காவலரை விலக்கி, மிஞ்சியிருந்த மஞ்சள் நூலால் திறந்த கதவைத் தூணோடு சேர்த்து இறுகக் கட்டினாள்; திரும்பிப் பாராமல் சரிவில் இறங்கினாள். அம்மாளிகையில் அவளுக்கு இனி இடமில்லை. ஆயினும் அன்பரே, அந்த நூலை அவிழ்க்க இன்றுவரை ஒரு கையும் துணியவில்லை. அடிவாரக் கிணறும் வற்றவில்லை.