சைக்கிள் சக்கரக் காற்றாடி

கம்பத்தின் உச்சியில் சக்கரம் நின்றுபோயிருந்தது. செசிலியா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ரப்பர் மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது.

பாலோ ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டிய அவள் கணவர் கிரகோரி செய்த காற்றாடி அது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து மண்ணெண்ணெய் கிடையாது. டயர் இற்றுப்போன சைக்கிளும் மூலையில் கிடந்தது. மனிதருக்குக் கை சும்மா இருக்குமா? தகர டின்னை வெட்டிச் சக்கரத்தில் இறக்கைகளாகப் பொருத்திக் கம்பத்தில் ஏற்றிவிட்டார். சக்கரம் சுற்றினால் டைனமோ சுற்றும். சன்னலில் தொங்கும் சைக்கிள் பல்பு எரியும். முதலில் சிரித்தவர்களெல்லாம் வெளிச்சம் வந்த அன்று வாயைப் பிளந்து நின்றார்கள். அதற்குப் பிறகு அவர் வாயை யாராலும் மூட முடியவில்லை. அவள் ஒருநாள் மறந்துபோய் எண்ணெய் விளக்கை ஏற்றியதற்குக்கூட, "காத்து சும்மா கெடக்குது, நீ ஏன் எண்ணெயக் கொட்டுற?" என்று அதட்டினார்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கத் தொடங்கியதும், அவரும் பக்கத்து வீட்டுத் தங்கராஜுவும் ஆற்றுக்கு அப்பால் காட்டில் ஒளிந்துகொண்டார்கள். சன்னலில் வெளிச்சம் தெரிந்தால் சாப்பிட வரலாம். தெரியாவிட்டால் வீட்டில் சிப்பாய்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படித்தான் பேச்சு. சிப்பாய் தலை தெரிந்தால் அவள் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். காற்று நின்றுபோனால் என்ன செய்வது என்று புருஷன் பெண்டாட்டி இருவருமே யோசிக்கவில்லை.

புட்டியின் அடியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் இருந்தது. அவித்த மரவள்ளிக்கிழங்கையே தின்று அவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. வந்தால் பொரித்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாள். விளக்கேற்றிவிடலாமா என்று கை புட்டிக்குப் போனது. காற்று இதோ வந்துவிடும், எண்ணெய் வீணாகிவிடுமே என்று புட்டியைத் திரும்ப வைத்துவிட்டாள். பிறகு அவள் தன்னை எவ்வளவோ சபித்துக்கொண்டாள். சபித்து என்ன பயன்?

அவர் அன்று வரவில்லை. அடுத்தடுத்த நாட்களில் காற்றடித்துப் பல்பு எரிந்தும் வரவில்லை. ஒரு நண்பகலில் தங்கராஜு மட்டும் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"செடெனாக் ஸ்டேஷன்கிட்ட மடக்கிட்டாங்க அக்கா. நான் ஓடியாந்துட்டேன். அண்ணன சயாமுக்கு ஏத்திட்டாங்க."

"அங்க எதுக்குப் போனீங்க?"

"வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம்லா. தெரியவே இல்ல. நான் போய்ப் பாக்குறேன்னேன். 'வேணாண்டா, ஜப்பான்காரன் உள்ள இருக்கான், நாம போனா அவளத்தான் அடிப்பான்'னு அண்ணன் அழுதுட்டாரு. அப்புறம் வேற எங்கயாவது தப்பிச்சுடலாம்னு தண்டவாளத்தோரமாவே நடந்துட்டோம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அன்னிக்கி எத்தன பேரு வந்தானுங்க? உங்கள ஒன்னும் செய்யலையே அக்கா?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் செசிலியா வாயைத் திறந்தாள்.

"யாரும் வரல தம்பி. காத்துதான் வரல."

அவன் அவளுக்குப் பின்னால் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே நல்ல காற்று. பட்டப்பகலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். விரலிடுக்குகள் சிவந்தன.