மாப்பிள்ளை சொன்ன விலை

"விலையை மாப்பிள்ளை வாயாலேயே சொல்ல வச்சிடணும்," என்றார் கண்ணாடிக்காரர்.

"எதுக்கு இந்தச் சுத்து வழி? வண்டி உங்களுக்குத்தான்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது," என்றாள் அவர் மனைவி.

"சும்மா குடுத்தா அந்த மனுஷன் தொடுவாரா? கல்யாணத்தப்பவே ஒரு குண்டூசிகூட வேண்டாம்னவரு. நீ ஆசையா வாங்கி வச்ச பீரோவையே திருப்பி அனுப்பினவரு."

"அனுப்பினாரு. அந்த ஆட்டோ கூலியையும் அவரே குடுத்தாரு."

"அதான் சொல்றேன். அவரு ஒரு விலை சொல்லட்டும். அதுல பாதியக் குடுங்க, சாவியப் புடிங்கன்னு நான் சொல்லிடுவேன். அவருக்கும் காசு குடுத்து வாங்கின திருப்தி, நமக்கும் கைச்செலவுக்கு ஆச்சு."

"நான் வேணா மககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை போட்டு வைக்கட்டுமா?"

"நீ வாயத் திறக்காத. உன்கிட்ட சொன்ன விஷயம் தெருவெல்லாம் சுத்திட்டுத்தான் அவர் காதுக்குப் போகும்."

ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. இனி பாரம் தூக்கினால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடையில் உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பதோடு சரி. கண்ணாடி சுமந்த பிக்கப் வண்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மருமகனுக்கோ வேலை இருந்தது, வண்டிதான் இல்லை. இன்னொருவருடைய சரக்கு வண்டியை ஓட்டினார். அந்த முதலாளி சம்பளத்தை இழுத்தடிப்பார், டயர் வெடித்தால் டிரைவர் தலையில் கட்டுவார். சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிட்டால் அன்றைக்கே முதலாளி மேசையில் சாவியை வைத்துவிட்டு வந்துவிடுவேன் என்று மருமகன் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதாக மகள் சொல்லித்தான் தெரியும். மாமனார் வீட்டில் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

வண்டிக்குப் பதினாலு வயது. ஆனால் வாழ்நாளெல்லாம் கண்ணாடி ஏற்றிய வண்டி. பள்ளம் கண்டால் நின்று, மேடு கண்டால் தயங்கி, ஊர்ந்தே பழகியது. தெருமுனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் கண்ணாடிக்காரருக்கு ஆமையண்ணன் என்று பெயரே வைத்துவிட்டார். "உங்களை முந்தாத சைக்கிளே இந்த ஏரியாவுல கிடையாதுண்ணே" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

"என்ன மாமா, அடியிலயும் துடைச்சு வச்சிருக்கீங்க?"

"சேறு நின்னா துரு புடிக்கும் மாப்பிள்ளை."

"எங்க முதலாளி மேலயே துடைக்க மாட்டாரு."

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகும் இறங்காமல், ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சமையலறை ஜன்னலில் நின்ற மாமியார் அதைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கு மாமா."

"வித்துடலாம்னு இருக்கேன். நாலு வண்டி ஓட்டிப் பாத்தவரு நீங்க. நீங்களே ஒரு விலை சொல்லுங்களேன்."

மருமகன் கையைத் துணியில் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலரை லட்சம் சொல்லலாம் மாமா."

"நாலரையா!"

"இப்படி வச்சிருக்கிற வண்டி எங்க கிடைக்கும்? அதுக்குக் கீழ யாருக்கும் குடுக்காதீங்க."

"யாருக்குமா?"

"யாருக்கும்தான். முக்கியமா சொந்தத்துல குடுத்துடாதீங்க. வாயத் திறந்து விலை பேச முடியாது, நாளைக்கு ஒரு ரிப்பேர் வந்தா மூஞ்சியப் பாக்க முடியாது. நல்ல வெளியாளாப் பாருங்க."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த பாதி விலைப் பேச்சைக் கண்ணாடிக்காரர் எடுக்கவில்லை.

"சரி மாப்பிள்ளை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மருமகன் சாவியை மாமனாரிடம் கொடுக்காமல் வண்டியின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு, அவசர வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டார்.

"பாதின்னு சொல்லலையா நீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"எங்கேர்ந்து சொல்றது? சொந்தத்துல குடுக்காதீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. வேண்டாங்கிறத வேற எப்படிச் சொல்வாங்க? அதுக்கு மேல நான் வற்புறுத்தினா, மாமனார் ஓட்ட வண்டிய என் தலையில கட்டப் பாக்குறாருன்னு ஆகாதா?"

"எனக்கு அப்படித் தோணல. வண்டிய விட்டு எறங்க மனசே இல்லாம உக்காந்திருந்தாரு."

"நீ ஜன்னல்ல நின்னு ஜோசியம் பாக்காத."

அவள் மகளைக் கூப்பிடலாமென்று போனை எடுத்தாள். வாயத் திறக்காத என்று சொன்னது காதிலேயே இருந்தது. வைத்துவிட்டாள்.

நாலரை என்று ஓர் அட்டையில் எழுதி வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டினார்கள். முதலில் வந்து பார்த்தவர் மெக்கானிக்தான்.

"நாலரையா? அந்த விலைக்கு டிரைவரையும் சேத்துக் குடுப்பீங்களாண்ணே?"

"மாப்பிள்ளை சொன்ன விலை."

"எந்த மாப்பிள்ளை? புதுசா ஏதாவது மாப்பிள்ளை எடுத்திருக்கீங்களா?"

"அவரு நாள் முழுக்க வண்டியில இருக்கிறவரு. அவருக்குத் தெரியாததாடா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

"நல்லா இருந்துட்டுப் போங்க. அட்டை வெளுத்ததும் சொல்லுங்க, வேற அட்டை தர்றேன்."

ஆட்கள் வந்தார்கள். ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "இவ்வளவு சுத்தமா இருக்கே, எங்கேயாவது உருண்டு எழுந்த வண்டியா பெரியவரே?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் அவரைத் தண்ணீர்கூடக் கேட்காமல் அனுப்பினார். இன்னொருவர் இரண்டரை தருவதாகச் சொன்னார். மனைவி கண்ஜாடை காட்டினாள்.

"முடியாதுங்க. எங்க மாப்பிள்ளை நாலரைக்குக் கீழ கூடாதுன்னுட்டாரு," என்றார் இவர்.

வந்தவர் போன பிறகு அவள் பிடித்துக்கொண்டாள். "ரெண்டரைக்குக் கேட்ட மனுஷன ஏங்க விட்டீங்க?"

"கொறைச்சுக் குடுத்தா மாப்பிள்ளை பேச்சுக்கு என்ன மரியாதை? விலை தெரியாம சொல்லிட்டாருன்னு ஆகும்."

இப்படி மரியாதை பார்த்ததில் மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட விட்டு அணைப்பார். அணைத்ததும் ஒரு துணியை எடுத்து, தூசி இல்லாத இடத்தையும் துடைப்பார்.

அப்படி ஒரு நாள் மகள் தனியாக வந்தாள். சமையலறையில் அம்மாவோடு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"அவரு வண்டி எடுத்துட்டாரும்மா."

"எந்த வண்டி?"

"எவனோ கைவிட்ட வண்டி. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. எடுத்து மூணாம் நாளே புகை கக்குது. வித்தவன் போனையே எடுக்க மாட்டேங்கிறான். சேத்து வச்ச காசு பூரா போச்சு, அதுக்கு மேல கடன். முதலாளிகிட்ட சாவியக் குடுத்துட்டு வந்தாச்சு. இப்ப திரும்பிப் போகவும் முடியாது."

"வாசல்ல ஒரு வண்டி சும்மா நிக்குதேடி! அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"நாலரைக்கு நாங்க எங்கம்மா போவோம்?"

"அந்த நாலரையச் சொன்னதே உன் புருஷன்தானே!"

"வேற என்ன சொல்வாரு? கொறைச்சுச் சொன்னா, மாமனார் வண்டிய அடிமாட்டு விலைக்குத் தட்டப் பாக்குறான்னு அப்பா நினைப்பாராம். அதுக்குப் பயந்து ஏத்திச் சொல்லிட்டேன்னாரு. சொந்தத்துல குடுக்காதீங்கன்னும் சேத்துச் சொன்னேன், நான் எதையும் எதிர்பாக்கலன்னு அவருக்குப் புரியட்டும்னுதான், அப்படின்னாரு. சொல்லிட்டு வந்து சட்டையக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தாரு."

"நீயாவது எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"நம்ம வீட்டு விஷயத்த உங்க அம்மா வீட்டுக்குக் கொண்டு போகாதன்னு சொல்லிட்டாரு. நீ ஏம்மா போன் போடல?"

தாய் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

"உங்க அப்பா பாதிக்குக் குடுக்க இருந்தாருடி," என்றாள் கடைசியில். "மாப்பிள்ளை எவ்வளவு சொல்றாரோ அதுல பாதி."

மகள் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அவ்வளவு எங்ககிட்ட இருந்துச்சேம்மா."

வெங்காயத்துக்கு இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்று கடையில் இந்தச் செய்தியைக் கேட்டபோது கண்ணாடிக்காரர் ஒரு அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். கோடு நேராகத்தான் போனது. தட்டும்போதுதான் உடைந்தது. உடைந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு மெக்கானிக் பட்டறைக்கு நடந்தார்.

"கிண்டல் வேண்டாம்டா. உண்மையச் சொல்லு. வண்டி என்ன விலை போகும்?"

மெக்கானிக் கிண்டல் செய்யவில்லை.

"ரெண்டு அறுபது சொல்லுங்க, ரெண்டரைக்கு முடிங்க. வாங்குறவன் முதல்ல வருஷத்தப் பாப்பாண்ணே. அந்த வருஷத்து வண்டி மத்த இடத்துல என்ன விலைக்கு நிக்குதுன்னு பாப்பான். நீங்க துடைச்ச துடைப்புக்கு ஒரு பத்து, பதினைஞ்சாயிரம் கூடக் கிடைக்கும். அதோட சரி."

"நான் நல்லா வச்சிருந்ததுக்கு அவ்வளவுதானா?"

"அதுக்கான கூலிய இத்தனை வருஷமா வண்டியே உங்களுக்குக் குடுத்துடுச்சே. ஒரு நாளாவது நடுரோட்டுல நிறுத்தியிருக்கா?"

"இத ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"மாப்பிள்ளை சொன்ன விலைன்னீங்க. உங்க குடும்பத்துக்குள்ள நான் என்னண்ணே சொல்றது?"

அட்டையை மாற்றிய வாரத்திலேயே வண்டி போய்விட்டது. செடிக்கடை நடத்தும் ஒரு பெண் வந்தாள். சாவகாசமாகப் பார்த்தாள், ஒரே பேச்சில் இரண்டரைக்கு முடித்தாள்.

"நான் மண்ணும் தொட்டியும் ஏத்தப் போறேன். இந்த மரச்சட்டத்த மட்டும் கழட்டிக்கிறீங்களா?"

கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்த அவரே அடித்த சட்டம். இடது கையாலேயே ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றார். அந்தப் பெண் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிய வேகத்தைப் பார்த்து, "மெதுவாம்மா, மெதுவா!" என்று கத்தினார். அது அவள் காதில் விழவில்லை.

மருமகனை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வருவதற்கு முன்னால் புகை நெடி வந்தது. வாசலில் நின்ற பிறகும் அந்த வண்டி குலுங்கிக்கொண்டே இருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று மருமகன் எஞ்சினை ஓட விட்டே உள்ளே வந்தார்.

கண்ணாடிக்காரர் பணத்தை ஒரு பையில் போட்டு மேசையில் வைத்திருந்தார். அதை மருமகன் பக்கம் நகர்த்தினார்.

"கடன அடைச்சிடுங்க மாப்பிள்ளை. மிச்சத்துல அந்த எஞ்சினப் பாருங்க."

"வேண்டாம் மாமா."

"கடனா வச்சுக்கோங்க. எப்ப முடியுதோ குடுங்க."

"வேண்டாம் மாமா. வண்டின்னா விலை குடுத்து வாங்கலாம். பணத்த என்ன குடுத்து வாங்குறது?"

அதில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு உங்களுக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை. நானா வலிய வந்து கேட்டேனே."

"விலை கேட்டீங்க மாமா. வேணுமான்னு கேக்கல."

வெளியே எஞ்சின் திணறியது. மருமகன் அந்தப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"தப்பு உங்களோடது இல்ல. நானும் சொல்லல," என்றார். "இப்ப பேசி என்ன ஆகப் போகுது? ஒரு லோடு இருக்கு, நான் கிளம்பறேன்."

பை மேசையிலேயே இருந்தது. கண்ணாடிக்காரர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவுமில்லை.

மனைவி கதவோரம் நின்றிருந்தாள். மருமகன் அவளிடம் தலையை அசைத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கிய பிறகு கண்ணாடிக்காரர் தலை நிமிராமலே கேட்டார்.

"அவரு சாப்பிட்டாரா?"

"கேக்கலையே."

சொன்னதும் அவளுக்கே என்னவோபோல் ஆயிற்று. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"மாப்பிள்ளை! ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்!"

"சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன் அத்தை."

வயிறு நிறைந்து சொல்கிறாரா, மரியாதைக்குச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமென்றால் புகை மறைத்தது. "நிஜமாவா?" என்று இன்னும் உரக்கக் கேட்டாள். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.