ஆளு வருது

ஓசூர் பேருந்து நிலையத்தில் தன் மகள் சானியாவைத் தெரியாத கண்டக்டரே கிடையாது என்று அஜாஸ் பெருமையடித்துக்கொள்வான். அதில் பாதி அளப்பு, பாதி உண்மை. ஆறு வயதுப் பெண்ணுக்கு அப்படி என்ன புகழ் என்றால், இடம் பிடிப்பதில்தான்.

காவேரிப்பட்டினத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு மாதம் ஒரு தடவையாவது போயாக வேண்டும். கிருஷ்ணகிரி போகும் பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே கூட்டமும் அதோடு சேர்ந்து ஓடும். துண்டு போடுகிறவர்கள் துண்டு போடுவார்கள், பை போடுகிறவர்கள் பை போடுவார்கள். அஜாஸ் மகளையே போட்டுவிடுவான். ஜன்னல் வழியாக உள்ளே இறக்கிவிட்டால் போதும், மூன்று பேர் உட்காரும் சீட்டில் குறுக்கே படுத்து, கை காலை நீட்டி, "ஆளு வருது! ஆளு வருது!" என்று பஸ்ஸே அதிரக் கத்துவாள். துண்டைச் சுருட்டித் தள்ளிவிட்டு உட்காருகிற ஆட்கள் உண்டு. பச்சைக் குழந்தையைத் தூக்கித் தள்ளிவிட்டு உட்கார யாருக்கு மனசு வரும்? அதுதான் அஜாஸ் போட்ட கணக்கு.

அவளுக்கு அவன் சொல்லிக் கொடுத்த பாடமும் சின்னதுதான். "அத்தா வர்ற வரைக்கும் யாரு சொன்னாலும் எந்திரிக்கக் கூடாது. கண்டக்டர் சொன்னாலும் கூடாது. அழுவக் கூடாது. அழுதா எறக்கி வுட்டுடுவாங்க." சானியா இந்தப் பாடத்தை ஒரு நாளும் மறந்ததில்லை. பள்ளிக்கூடப் பாடத்தில் அந்த அக்கறை இருந்தால் எங்கேயோ போயிருப்பாள் என்று அவள் அம்மா அதியா சொல்வாள்.

பெங்களூர் போவது என்பது சானியா இரண்டு மாதமாகப் பிடித்த அடம். கூடப் படிக்கும் சுவேதா மெட்ரோ ரயிலில் போய்விட்டு வந்து, அதிலே சத்தமே இல்லை, ஏசி இருக்கிறது, கதவு தானாகத் திறக்கிறது என்று வகுப்பில் அளந்து தள்ளிவிட்டாள். ஓசூரில் குடியிருக்கிறவனுக்குப் பெங்களூர் ஒரு தூரமா? ஆனால் சிப்காட்டில் பிரேக் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தூரம். ஒவ்வொரு வாரமும் ஓ.டி. என்று பிடித்துப் போட்டுவிடுவார்கள். எப்படியோ ஒரு ஞாயிறு தப்பியது. அதியா விடியலில் எழுந்து தக்காளிச் சாதம் கிளறி, முட்டை அவித்து, மூன்று வயது சமீருக்கு மாற்று உடை இரண்டு எடுத்து வைத்தாள். மெட்ரோவில் ஏறிப் போய் லால்பாக்கைப் பார்த்துவிட்டு, சாயந்திரம் திரும்பிவிடுவதாகத் திட்டம். மெட்ரோ தொடங்கும் பொம்மசந்திரா வரைக்கும் போன பஸ்ஸிலும் சானியாதான் இடம் பிடித்தாள்.

மெட்ரோ நிலையத்தைப் பார்த்ததும் குழந்தைகள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அஜாஸுக்கும் உள்ளுக்குள் அதே நிலைதான், காட்டிக்கொள்ளவில்லை. வம்பு பிடித்தது நகரும் படிக்கட்டில். அவனும் சானியாவும் ஏறிவிட்டார்கள். அதியா புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, எனக்குக் காலே வர மாட்டேங்குது. நான் சாதாப் படியிலயே வர்றன். நீங்க போங்க."

இடுப்பில் சமீர், தோளில் பை. அவள் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். அஜாஸ் மேலே போய்ச் சேர்ந்தபோது ரயில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு மூன்று பேர் அவனைத் தாண்டி ஓடினார்கள். அவ்வளவுதான், அவன் உடம்பிலிருந்த பஸ் நிலையத்து ரத்தம் கொதித்துவிட்டது.

"சானியா, ஓடு! சீட்டு புடி!"

அவள் அம்பாகப் பாய்ந்தாள். அவன் திரும்பிப் படிக்கட்டுக்கு ஓடினான். சமீரின் செருப்பு ஒன்று கழன்று விழுந்து, அதை எடுக்க முடியாமல் அதியா பாதியில் நின்றிருந்தாள். செருப்பை எடுத்து, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அஜாஸ் மேலே வந்தான். அப்போது ஏதோ மணி அடித்தது. கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியே எல்லாம் நன்றாகவே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. பெட்டியில் பாதிக்கு மேல் காலி. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அந்தக் காலி இருக்கைகளுக்கு நடுவே அவன் மகள் குறுக்கே படுத்து, கையை நீட்டி நாலு பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரித்தாள். சீக்கிரம் வா என்று கையாட்டினாள். ரயில் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. சுவேதா சொன்னது பொய்யில்லை.

அஜாஸ் பெட்டியைத் தட்டிக்கொண்டே ஓடினான். விசில் ஊதியபடி ஓடி வந்த சீருடைக்கார இளைஞன் அவனைப் பின்னுக்கு இழுத்தான். கன்னடமும் தெலுங்கும் அஜாஸுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த நேரத்தில் ஒரு பாஷையும் வாயில் வரவில்லை. "பாப்பா, பாப்பா" என்றுதான் வந்தது.

நல்ல பையன் அவன். சட்டென்று புரிந்துகொண்டு வாக்கி டாக்கியில் பேசினான். மஞ்சள் கவுன், ரெட்டைச் சடை, ஆறு வயது என்றெல்லாம் கேட்டுச் சொன்னான். அடுத்த நிலையத்தில் இறக்கி வைத்துவிடுவார்கள், அழும் குழந்தையைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை, கவலைப்படாதீர்கள் என்றான். அஜாஸ் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பதில் வந்தது. அழுகிற குழந்தை யாரும் இல்லையாம். அதற்கடுத்த நிலையத்திலும் பார்த்தார்கள். அங்கேயும் அழுகிற குழந்தை இல்லை. ரயில் போய்விட்டது.

அப்போதுதான் அஜாஸுக்கு விஷயம் உறைத்தது. அவர்கள் தேடுவது தொலைந்துபோன குழந்தையை. சானியாவோ தொலைந்துபோகவில்லை, வேலையில் இருக்கிறாள்.

"அவ அழுவ மாட்டா சார்," என்று தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்துக்கு மாறினான். சீட்டில் படுத்திருப்பாள், எழுப்பினால் எழுந்திருக்க மாட்டாள், கேட்டால் ஆள் வருகிறது என்பாள், நான்தான் அப்படிப் பழக்கியிருக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். இளைஞன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அவனுடைய போன் நம்பரைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் வாக்கி டாக்கியை எடுத்தான்.

அதியா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"எந்திரிக்காத, எந்திரிக்காதன்னு சொல்லிச் சொல்லித்தான வளத்தீங்க. இப்ப யாரு சொன்னா அவ எந்திரிப்பா?"

அடுத்த ரயில் வருகிறவரை அவனால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை. தண்டவாளத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், மறுபடியும் தண்டவாளத்தைப் பார்த்தான். சமீர் ஒன்றும் புரியாமல், "அக்கா டாட்டா போய்ட்டா," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் வாயை யார் மூடுவது?

கம்பெனியில் அஜாஸ் நிற்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. யாருடைய விரலாவது மாட்டப் போகிறது என்று சந்தேகம் வந்தால் போதும், ஓங்கித் தட்டினால் மொத்த லைனும் நின்றுவிடும். ஏன் தட்டினாய் என்று மேனேஜர்கூடக் கேட்க மாட்டார். அடுத்த ரயில் வந்து ஏறியதும் அவன் அந்தப் பொத்தானைத் தேடுகிறவன் மாதிரி நின்றான். இது நின்று என்ன ஆகப்போகிறது? நிற்க வேண்டிய ரயில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இவர்கள் ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நிதானமாக நின்றது, நிதானமாகக் கதவைத் திறந்தது, இனிமையான குரலில் ஊர்ப்பெயரைச் சொன்னது. ஒவ்வொரு நிலையத்திலும் அஜாஸ் தலையை வெளியே நீட்டி, "சானியா!" என்று கத்தினான். ஜனங்கள் ஏறினார்கள். கூட்டம் கூடக் கூட அவனுக்கு வேறு வேறு நினைப்பு வந்தது. முன்னால் போகும் ரயிலிலும் இப்படித்தான் ஏறியிருப்பார்கள். யாராவது கையைப் பிடித்து, வா பாப்பா, அத்தாகிட்டக் கூட்டிட்டுப் போறேன் என்றால்? அத்தா என்ற சொல்லுக்கு அவள் எழுந்துவிடுவாள். யா அல்லா, அவள் எழுந்திருக்கக் கூடாது என்று வேண்டினான். அடுத்த நிமிடமே, யாராவது நல்லவர்கள் அவளை எழுப்பியிருக்க வேண்டும் என்று வேண்டினான். எதை வேண்டுவது என்றுகூடத் தெரியாத நிலைக்கு வந்துவிட்டான்.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். அதியா உட்காரவில்லை. அவனும் உட்காரவில்லை.

கடைசி நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. கிடைத்துவிட்டாள். கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஒரு குழந்தை மட்டும் இறங்க மாட்டேன் என்று சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததாம். தூக்க வந்த பெண் காவலரின் கையைக் கடித்துவிட்டதாம். அதியா அங்கேயே, நின்ற நிலையிலேயே, ஓவென்று அழுதாள்.

அந்தப் பெண் காவலர்தான் அவர்களை நிலைய அதிகாரியின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் பல் தடம் இருந்தது. அதைக் காட்டிச் சிரித்தார். வழியில் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். தாத்தா ஒருவரைக்கூட உட்கார விடவில்லையாம். அவரும், சரி ஆள் வரட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றே வந்தாராம். அஜாஸால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அறையில் நாலு பேர் உட்காரும் இரும்பு இருக்கை ஒன்று சுவரோரம் இருந்தது. சானியா ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய ஒரு செருப்பு இருந்தது. அதற்கடுத்ததில் இன்னொரு செருப்பு. மறுபக்கம் இருந்த கடைசி இருக்கையை எட்டிப் பிடித்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள். கன்னத்தில் ஈரம் இல்லை. அவர்களைப் பார்த்ததும்தான் உதடு கோணியது.

"ரயிலுல புடிச்சது போச்சுத்தா," என்றாள். "அந்த ஆன்ட்டி தூக்கிட்டாங்க. நான் அழுவல. இங்க புடிச்சு வெச்சிருக்கன்."

அதியா மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சமீர் தவழ்ந்து ஏறி அக்காவின் செருப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். அஜாஸ் வாசலிலேயே நின்றான். கால் உள்ளே வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கு என்று அந்தப் பிள்ளைக்குப் புரியாது.

அம்மா மடியிலிருந்தபடியே சானியா ஒரு கையை நீட்டி, காலியாக இருந்த கடைசி இருக்கையை மறுபடியும் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருத்தா," என்றாள். "யாராச்சும் வந்துடுவாங்க."