மாட்டுத்தொட்டி ஓரம் உட்கார்ந்த இளைப்பு

ஆந்திரா தனி மாநிலமாகி நான்காம் வருஷம், நாகபூஷணத்தின் இளைப்பு அவர் உடம்பை விட்டு இறங்கி, வாசலில் மாட்டுத்தொட்டி ஓரம் போய் உட்கார்ந்தது. அது ஆடியா ஆவணியா என்பதில் நாராயணவனத்தில் இரண்டு கருத்து உண்டு, இறங்கியதில் இல்லை. பார்க்க நனைந்த சாக்கு மூட்டை போல இருந்தது. மூச்சு இழுக்கும்போது ஓட்டைத் துருத்தி மாதிரிச் சீறியது. தெருவில் போனவர்கள் மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.

நாகபூஷணம் புத்தூர் வெல்ல மண்டியில் ஏலம் கூவுகிறவர். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கும் அவர் குரல் ரயிலடி வரை கேட்கும் என்பார்கள். இளைப்பு வந்துவிட்டால் அந்தக் குரல் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும். மண்டிக்காரர்கள் வேறு ஆள் தேட ஆரம்பித்திருந்தார்கள். சித்தூரில் ஒரு டாக்டர், புதிதாக வந்திருந்த வெள்ளை மாத்திரையைச் சின்ன சீசாவில் கொடுத்து, பத்து நாளில் கட்டாயம் திரும்பி வரவேண்டும், தன்னைக் கேட்காமல் கூட்டவும் கூடாது, விடவும் கூடாது என்றார். மறுநாளே இளைப்பு இறங்கிவிட்டது. இறங்கிப் போன நோய்க்கு எதற்கு டாக்டர் என்று நாகபூஷணம் சித்தூர்ப் பக்கம் அப்புறம் போகவில்லை. காலி சீசாவை ஒரு மருந்துக்கடையில் காட்டினார். நிரப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே நடந்தது.

அவர் மனைவி தாட்சாயணிக்குத்தான் வெளியே இருந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தோடு குடித்தனம் செய்தவள் அவள். மழை வந்தால் கோணி போர்த்தினாள், ஓரமாகக் கஞ்சி வைத்தாள். அவர் மாத்திரை போடப் போட அது பருத்து வருவதை அவள்தான் முதலில் கவனித்தாள்.

"இந்தாய்யா, அது போவல. காத்துக்கினு கீது."

"இருந்துட்டுப் போட்டும். உன்ன இன்னா கேக்குது? கஞ்சிதானே?"

அந்தச் சமயம் எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்தது. எந்த ஊரில் யார் தமிழர், யார் தெலுங்கர் என்று எழுதிப்போக ஒரு குமாஸ்தா வந்தார். மாட்டுத்தொட்டியைப் பார்த்து, "அக்கட எவரு?" என்றார்.

"எங்கூட்டுக்காரரோட இளைப்பு சார்."

"தமிழா, தெலுங்கா?"

"பேசிக் கேட்டதில்ல. மூச்சுதான் உடும்."

குமாஸ்தா அதை எழுதாமல் விட்டுவிட்டார்.

நாகபூஷணத்தின் முகம் பறங்கிக்காயாக உருண்டது. ஊர் அதை வசதி என்று எடுத்துக்கொண்டது. வயிறு முன்னே வந்தது, கை கால்கள் குச்சியாயின, வண்டிச் சக்கரம் லேசாக உரசிய இடமெல்லாம் நாவற்பழ நிறமாயிற்று. பிறகு மண்டி எறும்புகள் வெல்லத்தை விட்டுவிட்டு அவர் பின்னால் வரிசை பிடித்தன. அவர் நின்றால் நின்றன, நடந்தால் நடந்தன. "ஏம்பா நாகபூஷணம், வெல்லத்த வித்தியா, துன்னியா?" என்று தரகர் கோவர்த்தனன் கேட்க, மண்டியே சிரித்தது, நாகபூஷணமும் சிரித்தார். அந்தப் பங்குனியில், உச்ச விலையைக் கூவிக்கொண்டே ஒரு வெல்ல உருண்டையைத் தூக்கியபோது, அவர் முதுகுக்குள் காய்ந்த கரும்பு முறிகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் நாலு விரற்கடை குட்டையாக இருந்தார்.

தாட்சாயணி பயந்து போனாள். டாக்டரிடம் போகலாம் என்றால் அவர் திட்டுவார் என்று நாகபூஷணம் மறுத்தார். ஆகவே அவள் ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டாள். புரட்டாசியில் இருவரும் மலைக்குப் போனார்கள். அவர் மொட்டை போட்டுக்கொண்டார். அவள் சீசாவை மஞ்சள் துணியில் முடிந்து, மாத்திரை குலுங்கக் குலுங்க உண்டியலில் போட்டாள். இனிமேல் இவர் இதைத் தொடமாட்டார் என்று வாய்விட்டே சொன்னாள். கீழே இறங்குகிற வரை அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

ஊர் திரும்பிய சில நாளில் நாகபூஷணம் குடித்த தண்ணீரையும் வாந்தியெடுத்தார். தலையைத் தூக்க முடியவில்லை. அன்று காலை, மாட்டுத்தொட்டி ஓரம் இருந்தது முதல் முறையாக எழுந்து நின்றது. வாசற்படி ஏறி உள்ளே வந்து அவர் நெஞ்சின்மேல் படுத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே வண்டியில் ஏற்றித் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"இவ்வளவு நாளா அந்த மாத்திரைய யாரு குடுத்தது?" என்றார், சீசாவின் கதையை அவளிடம் கேட்டுக்கொண்ட இளம் டாக்டர்.

"மொத பத்து நாளு டாக்டரு. அப்புறம் சீசா."

"ஏம்மா, உடம்பு தானா ஊற வைக்கிற சத்து ஒண்ணு இருக்கு. மாத்திரை வருதேன்னு அது ஊறுறத மறந்துடுச்சு. எங்ககிட்ட வந்து கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சிருந்தா திரும்ப ஊறியிருக்கும். ஒரே நாள்ல யாரு நிறுத்தச் சொன்னது?"

"சாமிக்கு வேண்டிக்கினேன் சார்," என்றாள் தாட்சாயணி.

டாக்டர் ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார். உச்சிவேளைக்கு நாகபூஷணம் இறந்தார். பிணத்தை ஏற்றிய வண்டியில் இளைப்பும் ஏறி அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த சித்திரைக்கு முன்பே எல்லை முடிவாகி, திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. நாராயணவனம் இருந்த இடத்திலேயே இருந்தது. மறு வருஷம் குடிக்கணக்கு எடுக்க அதே குமாஸ்தா வந்தார். மாட்டுத்தொட்டி ஓரம் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"வீட்ல எத்தனை பேர்?"

தாட்சாயணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே, நாகபூஷணத்தின் பாயிலிருந்து, மூச்சு இழுத்து விடும் சத்தம் வந்தது.

"ரெண்டு பேரு."

குமாஸ்தா இரண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.