கையில் நல்ல சீட்டு

“அக்காவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் உட்காரச் சொல்லுங்க, மாமா.”

“ஏன் மாப்ளே, காத்து வரலையா?”

“காத்து வருது. என் சீட்டும் சேர்ந்து வெளியே போகுது.”

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. விடுமுறை நாள் பிற்பகல். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குத் துணி போர்த்திவிட்டு, பக்கத்தில் மேசை போட்டு மூன்று பேர் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார்கள்: கடைக்காரன், அவன் அக்காவின் கணவரான லாரி டிரைவர், மாடியில் இருக்கும் பல் டாக்டர். கடைக்காரனின் முதுகுக்குப் பின்னால் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரனுக்கு சிமெண்டு மூஞ்சி என்று பெயர். ஜெயித்தாலும் தோற்றாலும் முகத்தில் ஒன்றும் அசையாது. கடையில் மாட்டியிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு முன்னால் நின்று அப்படிப் பழகியிருந்தான். எந்தச் சீட்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுத்தான் ஒரு பந்தயக் காயையே நகர்த்துவான். டிரைவரோ ரேடியோ பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே ஆடுகிறவர். ஆனால் கொஞ்ச காலமாக, கடைக்காரனுக்கு நல்ல சீட்டு விழும்போதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே தன் சீட்டைக் கவிழ்த்து நடுவில் தள்ளி ஆட்டத்தை விட்டு விலகிவிடுகிறார். ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம். எப்போதுமே என்றால்? முதுகுக்குப் பின்னால் பின்னல் ஊசிகள் உரசும் சத்தத்தை அவன் உற்றுக் கேட்க ஆரம்பித்தான். சில சமயம் வேகமாக உரசின. சில சமயம் நின்றன.

இப்போது அவன் முன்னால் கவிழ்ந்திருப்பவை இரண்டு ஏஸ்கள். ஊசிகள் நின்றிருந்தன.

“நேராவே கேளேன்,” என்றாள் அக்கா. “நான் உன் மாமாவுக்கு ஜாடை காட்டுறேனா?”

“நான் யாரையும் சொல்லல.”

“கிளாவர் எது, இஸ்பேட் எதுன்னே எனக்குத் தெரியாதுடா.”

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். “நான் வேணும்னா மேலே போய் யாருக்காவது ஒரு பல்லைப் பிடுங்கிட்டு வரவா?”

டிரைவர் ரேடியோவை அணைத்தார். “அவளை விடு மாப்ளே. காட்டிக்கொடுக்கிறது நீதான். நல்ல சீட்டு வந்தா மட்டும் உனக்கு அக்கா ஞாபகம் வருது. ‘சாப்பிட்டியாக்கா, முதுகு வலி எப்படி இருக்கு’ன்னு கேப்பே. மட்டமான சீட்டுன்னா அவ இங்க இருக்கிறதே உனக்குத் தெரியாது.”

சிமெண்டு மூஞ்சி அசையவில்லை. ஆனால் அது உண்மை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு படபடக்கும்போது பின்னால் திரும்பி அன்பாக நாலு வார்த்தை பேசினால் மூச்சு சீராகும். அவ்வளவுதான் அவன் செய்தது.

அக்கா நூல்கண்டைப் பைக்குள் திணித்தாள். “நம்மளைக் கேக்கவும் ஒருத்தன் இருக்கானேன்னுதான் இங்க வந்து உட்கார்ந்தேன். இனிமே வரல.”

அவள் ஷட்டர் வரை போய்விட்டாள். அவன் எழுந்தான். குரல் உடைந்தது, அதை அவன் தடுக்கவில்லை.

“போகாதக்கா. நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா? வந்து உட்காரு.”

டிரைவர், பழக்க தோஷத்தில், தன் சீட்டுகளைக் கவிழ்த்து மேசை நடுவில் தள்ளிவிட்டார்.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். திரும்பி மேசைக்கு வந்தாள், ஆனால் உட்காரவில்லை.

“அந்த ரெண்டு சீட்டையும் திருப்பு,” என்றாள். “நான் பாக்கணும்.”