வீட்டாள் கூட்டாளி ஆகக் கூடாது

டிரைவருக்கு "ங்க" போட்டுப் பேசத் தெரியும் என்பதே அவர் மனைவிக்கு இந்த வயதில்தான் தெரிய வந்தது.

"எந்திரிச்சிட்டேங்க. ரத்தம் எடுத்துப் பாத்துட்டேங்க, நூத்திப் பதினெட்டு. காலும் பாத்துட்டேங்க, புண்ணு ஒண்ணும் இல்லீங்க."

பல் துலக்கிய கையோடு ஃபோன். அதற்கு முன்னால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாகிவிட்டது. "காலைப் பாருங்க, காலைப் பாருங்க" என்று அவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய வருடங்களில் இந்த மனுஷன் ஒரு நாளாவது குனிந்திருப்பாரா? பஸ் ஓட்டிய காலத்தில் டயருக்குக் கொடுத்த மரியாதையைக்கூடத் தன் காலுக்குக் கொடுத்ததில்லை. இப்போது ஃபோனில் யாரோ ஒரு தபால்காரம்மா கேட்கிறாள் என்றதும் விரலிடுக்கெல்லாம் துழாவுகிறார். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டவளுக்கு வயிறு எரிந்தது.

எல்லாம் அந்தச் சர்க்கரைக் குழு செய்த வேலை. நூலகத்து மாடியில் செவ்வாய்தோறும் கூடுவார்கள். எல்லோரும் வயதானவர்கள், எல்லோருக்கும் சர்க்கரை, பாதிப் பேருக்குப் பிரஷரும் உண்டு. ஆளுக்கொரு கூட்டாளி, தினமும் ஒருவரையொருவர் ஃபோனில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அவரைச் சேர்த்துவிடப் போன அன்று, "நானே இவருக்குக் கூட்டாளியா இருந்துக்கறேனே" என்றுதான் அவள் கேட்டாள். குழுவை நடத்தும் நர்ஸ் சிரித்தாள்.

"வீட்டாளு கூட்டாளி ஆகக் கூடாதும்மா. இங்க அதுதான் முதல் சட்டம். வீட்ல சொன்னா யாருக்குக் காதுல ஏறுது?"

டிரைவரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் விற்று ஓய்வு பெற்ற அந்த அம்மாவை அவருக்குக் கூட்டாளியாகப் போட்டார்கள். நல்ல உயரம், நிதானமான பேச்சு, சண்டை பிடிக்கலாம் என்றால் மருந்துக்குக்கூட ஒரு குறை கிடையாது. அவளைப் பிடிக்காமல் போக இது போதாதா?

சில மாதங்களில் டிரைவரின் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. குழுவே கைதட்டியதாம். "அந்தம்மா மட்டும் இல்லேன்னா நான் என்னைக்கோ போய்ச் சேந்திருப்பேன்," என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அவருக்காக எண்ணெயைக் குறைத்து, உப்பைக் குறைத்து, நாக்கு செத்துப்போக அதையே தானும் தின்றவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் டீயில் இனிப்பு மாத்திரைக்குப் பதிலாக இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். மாத்திரையும் இனிக்கும், இதுவும் இனிக்கும், அவருக்கு என்ன தெரியப் போகிறது? அளவு கொஞ்சம் ஏறினால், தபால்காரம்மாவின் சாமர்த்தியம் இவ்வளவுதான் என்று புரிந்துவிடும். ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தாள். ராத்திரிப் பாலிலும் போட்டாள். மறுநாள் கை தானாகவே சர்க்கரை டப்பாவுக்குப் போனது.

அளவு ஏறியது. ஆனால் அவள் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. ஒரு வேளை வந்த ஃபோன் இரண்டு வேளை வந்தது. போதாக்குறைக்குத் தபால்காரம்மாவே வாசலில் வந்து நின்று, "வாங்க, ஒரு சுத்து நடந்துட்டு வருவோம்," என்று கூட்டிப் போனாள். இருவரும் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தவள், அன்றைய பாலில் இன்னும் அரைக் கரண்டி கூட்டிப் போட்டாள்.

டிரைவர் நடையைக் கூட்டினார். சாப்பாட்டைப் பாதியாக்கினார். "போதும், எடுத்துரு," என்று தட்டை நகர்த்தும்போது அவர் கை மெலிந்து தெரிந்தது. அதையும் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை.

மாதக் கடைசிக் கூட்டத்துக்கு வீட்டு ஆட்களும் வரலாம். பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். நர்ஸ் அவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

"மாத்திரை பத்தல. டாக்டர்கிட்ட சொல்லி இன்சுலின் ஊசி ஆரம்பிக்க வேண்டியதுதான். ஏங்க, மறைச்சு ஏதாவது சாப்பிடறீங்களா?"

"நடக்கப் போறது பேக்கரி வரைக்குமோ என்னவோ!" என்றார் முன்வரிசைக் கடிகாரக் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

டிரைவர் சிரிக்கவில்லை. "சத்தியமா நான் எதையும் திருட்டுத்தனமா தின்னலீங்க. சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன். எங்க தப்புப் பண்றேன்னே தெரியல."

தபால்காரம்மா எழுந்தாள். "அவர் பொய் சொல்ற ஆளில்ல. நான் நம்பறேன்."

நம்புகிறாளாம். அதற்கும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா? அவர் ஒரு வாய் ஏமாற்றவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவள் இங்கே பின்னால் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். தான் போட்ட சர்க்கரைக்கு அவர் உடம்பில் ஊசி ஏறப் போகிறது. எழுந்துவிட்டாள்.

"நான்தான். டீயில, பால்ல, இனிப்பு மாத்திரைக்குப் பதிலா நான்தான் சர்க்கரை போட்டேன். அவருக்குத் தெரியாது."

டிரைவர் மெல்லத் திரும்பினார். கத்தட்டும், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவர் முகத்தில் கோபமே வரவில்லை.

"அப்ப... நான் ஒழுங்காத்தான் இருந்திருக்கேனா?"

"ஒழுங்காத்தான் இருந்தீங்க," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் சட்டென்று தபால்காரம்மா பக்கம் திரும்பி, அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"கேட்டீங்களா? நான் ஒழுங்காத்தான் இருந்திருக்கேன்!"

மனைவியைத் திட்ட வேண்டும் என்பதுகூட அவருக்கு நினைவு வரவில்லை.